கிள்ளானுக்குப் போன மாமா

ஷாமினி எழுதிய செயலிக்குப் ‘பந்தல்’ என்று பெயர். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் தங்கள் கைப்பேசியில் எடுக்கும் படங்களை அதில் போட்டால், அவை உடனே மண்டபத்துப் பெரிய திரையில் வரும். யோசனை அவ்வளவுதான். வார நாள்களில் அவள் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். பந்தல், அவளும் கூடப் படித்த முகுந்தனும் சேர்ந்து வார இறுதிகளில் நடத்திய சொந்தத் தொழில். அவள் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில், மோனோரயில் போகும் சத்தம் கேட்கிற அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். முகுந்தன், அங்கிருந்து நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும் கிள்ளான் ஊர்க்காரன்.

ஆரம்பத்தில் படங்கள் எல்லாம் ஷாமினியின் மடிக்கணினிக்குத்தான் வந்தன. பூச்சோங்கில் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து மண்டபமே ஒன்றாகப் படம் அனுப்ப, கணினி திணறி நின்றுவிட்டது. சாப்பாடு முடியும்வரை திரையில் மாப்பிள்ளையின் மூக்குக்கு மேலே மட்டும்தான் தெரிந்தது. பெண்ணின் அப்பா பார்த்த பார்வையை ஷாமினியால் வெகுநாள் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் படங்களைக் கிளவுடில் வைப்பது என்று முடிவெடுத்தார்கள். எங்கோ இருக்கிற பெரிய கணினிகளில் வாடகைக்கு இடம் பிடித்து, செயலியை அதனோடு இணைக்க வேண்டும். எத்தனை பேர் எத்தனை படம் அனுப்பினாலும் அந்த இடம் தாங்கும். எப்படி இணைப்பது என்று படித்தபோது எளிதாகத்தான் இருந்தது. செய்தபோது, எந்தப் படத்தை அனுப்பினாலும் திரையில் ‘அனுமதி இல்லை’ என்ற ஒரே பதில்தான் வந்தது. கிளவுடைத் திறக்கும் ரகசியச் சாவியை மாற்றினாள். விதிகளை மாற்றி எழுதினாள். வேலை முடிந்து வந்து, உடை மாற்றாமலேயே கணினி முன் உட்கார்ந்த மாலைகள் பல. கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், படத்தை உள்ளே போட அனுமதி கொடுத்துவிட்டு, அதை வெளியே எடுத்துப் பார்க்க அனுமதி கொடுக்காமல் விட்டிருந்தது கண்ணில் பட்டது. ஒரு வரியைத் திருத்திவிட்டு முகுந்தனை அழைத்தாள்.

“இப்ப ஒரு படம் போடு.”

“என்ன படம்?”

“எதாச்சும் லா. சீக்கிரம்.”

சிறிது நேரத்தில் அவள் திரையில் ஒரு தட்டு நிறையப் பீசாங் கோரேங், சுடச்சுடப் பொரித்த வாழைப்பழம், வந்து நின்றது. கிள்ளானில் முகுந்தன் கையில் இருந்த தட்டு. ஆவி பறப்பதுகூடத் தெரிந்தது. ஷாமினி நாற்காலியை விட்டு எழுந்து சமையலறைவரை ஆடிக்கொண்டே போய்த் திரும்பி வந்தாள். “வந்துருச்சாடி?” என்று முகுந்தன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அந்த மாதமே இரண்டு கல்யாணங்கள் கிடைத்தன, இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில். கிள்ளானில் லோரிகள் வைத்துத் தொழில் செய்யும் பழனியப்பனின் மகன் வாசுவுக்கும் குமுதா என்ற பெண்ணுக்கும் ஒன்று. பிரிக்ஃபீல்ட்ஸில் மீனலோசனி டீச்சரின் மகள் நிரஞ்சனிக்கும் கிரிதரனுக்கும் மற்றொன்று. அங்கே முகுந்தன் பார்த்துக்கொள்வான், இங்கே ஷாமினி.

கிள்ளான் கல்யாணத்துக்கான பக்கத்தை அவள் செயலியில் முதலில் தயார் செய்தாள். பிறகு அதையே நகலெடுத்து, பெயர்களை மாற்றி, படத்தை மாற்றி, பூ நிறத்தையும் மாற்றி, பிரிக்ஃபீல்ட்ஸ் கல்யாணத்துக்கு வைத்தாள். கடைசி இரண்டு வரிகளை மாற்ற மறந்துவிட்டாள். ஒன்று, படங்கள் கிளவுடில் எந்தப் போல்டருக்குப் போக வேண்டும் என்பது. இன்னொன்று, மண்டபத்துக்கு வழிகாட்டும் இணைப்பு.

பிரிக்ஃபீல்ட்ஸ் உறவினர்கள் யாரும் அந்த வழிகாட்டியைத் தொடவில்லை. கோயிலை ஒட்டிய அந்த மண்டபத்தை அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். தொட்டது ஒரே ஒருத்தி, உறவுகூட இல்லாத ஒரு பக்கத்து வீட்டுப் பெண். மணப்பெண்ணின் தாய்மாமன் சீவரத்தினம் நகரின் மறுபக்கம் அம்பாங்கில் தனியாக இருந்தார். அப்போதுதான் ஒரு கண்ணில் புரை எடுத்திருந்ததால் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கூட்டிப்போக ஆள் அனுப்புகிறோம் என்று தங்கை மீனலோசனி சொன்னதற்கு, “நீங்க கல்யாண வேலையைப் பாருங்கோ, நான் வந்து சேருவன்” என்றுவிட்டார். கைப்பேசி எழுத்துகள் கண்ணில் படியாததால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வண்டி பிடித்துத் தரச் சொன்னார். அவள் தன் கைப்பேசியில் அந்தக் கல்யாணத்தின் பந்தலைத் திறந்து, மண்டபம் இருக்கும் இடத்தைத் தொட்டு, வண்டியை வரவழைத்து, பெரியவரைப் பத்திரமாக ஏற்றிவிட்டாள். குளிர்சாதனக் காற்று முகத்தில் படவும் சீவரத்தினம் தூங்கிப்போனார். கண் விழித்தபோது மேளச் சத்தம் கேட்டது. இறங்கி உள்ளே போனார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மண்டபம் நிறைந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கிரிதரன் தலைப்பாகையோடு மணவறையில் உட்கார்ந்திருந்தான். மணப்பெண் அறைக்கு வெளியே மீனலோசனி டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். நிரஞ்சனிக்கு அப்பா சிறு வயதிலேயே இறந்துவிட்டார். பள்ளிக்குக் கூட்டிப்போனதும், சைக்கிள் பழக்கியதும், பட்டமளிப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியதும் மாமாதான். மணவறைக்குத் தன்னைக் கைபிடித்து அழைத்துப்போவதும் அவர்தான் என்று அவள் எப்போதோ முடிவு செய்திருந்தாள்.

“அண்ணா இன்னும் வரேல்ல” என்றார் டீச்சர், திரைக்குப் பக்கத்தில் கணினியோடு உட்கார்ந்திருந்த ஷாமினியிடம். “போனை வீட்டிலயே வச்சிட்டாராம். பக்கத்து வீட்டுப் பிள்ளை, எப்பவோ ஏத்தி விட்டாச்சு எண்டு சொல்லுது.”

“ரோட்டுல ஜாமா இருக்கும் ஆன்டி. வந்துருவாரு.”

சொல்லிவிட்டு ஷாமினி திரையை இயக்கினாள். முதல் படம் வந்தது. இடுப்பில் உறுமி கட்டிக்கொண்டு நான்கு பேர் துள்ளிக் குதித்தார்கள். அடுத்ததில் ஒரு பெரிய மனிதர் தோளில் கிடந்த துண்டைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தார். அதற்கடுத்து, இந்த மண்டபத்தில் யாரும் பார்த்திராத ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும்.

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “இது ஆற்ற ஆக்கள்?” என்று, யாருடைய ஆட்கள் எனத் தெரியாமல் ஒருவர் கேட்டார். “மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா இருக்கும்” என்றார் இன்னொருவர். மாப்பிள்ளை வீட்டார் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார்கள்.

ஷாமினி அவசரமாகக் கணினிப் பக்கம் திரும்பினாள். போல்டர் பெயரைப் பார்த்தாள். கிள்ளான் கல்யாணத்தின் பெயர் அப்படியே இருந்தது. இரண்டு மண்டபத்துப் படங்களும் ஒரே இடத்துக்குப் போய், இரண்டு திரைகளிலும் வந்துகொண்டிருக்கின்றன. கிள்ளானில் இந்நேரம் தலைப்பாகை கட்டிய கிரிதரனைப் பார்த்து யார் யார் என்னென்ன பேசுகிறார்களோ. அதைத் திருத்த ஒரு வரி போதும். முதலில் திரையை அணைத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனாள்.

“நிப்பாட்டாத, பிள்ளை.”

டீச்சர் திரையின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் ஒரு நீண்ட சாப்பாட்டு மேசை. நடுவில் வாழை இலை முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இருபுறமும் இருந்த பெண்கள் அவருக்கு எதையோ பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

“அது எங்கட அண்ணா” என்றார் டீச்சர்.

அடுத்த படம் வந்தது. அதே முதியவர் மேடையில் ஏறி, யாரோ ஒரு வாசுவையும் குமுதாவையும் இரண்டு கைகளாலும் அட்சதை தூவி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். குமுதா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஷாமினி முகுந்தனை அழைத்தாள். அங்கேயும் ஒரே சிரிப்புச் சத்தம்.

“ஷாமி, என்னடி செஞ்சு வச்சிருக்க? இங்க ஸ்கிரீன்ல உங்க கல்யாணம் ஓடுது. தலைப்பாகை மாப்பிள்ளை சூப்பரா இருக்காருன்னு சொல்றாங்க.”

“அத விடு. அங்க கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அங்கிள் இருக்காரு பாரு.”

“ஆமா, மாப்பிள்ளையோட பெரிய தாத்தா.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்தான். பொண்ணு வீட்டுல அவர மாப்பிள்ளை சைடுன்னு சொல்றாங்க.”

“மாப்பிள்ளை வீட்டுல?”

முகுந்தன் கொஞ்சம் யோசித்தான். “பொண்ணு சைடுன்னு” என்றான்.

சீவரத்தினத்தை நம்பவைப்பது எளிதாக இருக்கவில்லை. கையில் பாயாசக் கோப்பையோடு இருந்தவரிடம் முகுந்தன் போய்க் குனிந்து, “அங்கிள், இது வேற கல்யாணம்” என்றான். அவர் அதைக் கேலி என்று நினைத்தார். தன் மருமகளை இப்போதுதான் ஆசீர்வதித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். கூறைப்புடவை நல்ல நிறம் என்றும் சேர்த்துச் சொன்னார். முகுந்தன் கைப்பேசியை அவர் காதில் வைத்தான்.

“மாமா, நான் நிரஞ்சனி பேசறேன். நீங்க ஆசீர்வாதம் பண்ணினது என்னை இல்ல.”

“பிள்ளை, நீ எங்க நிக்கிறாய்?”

“பிரிக்ஃபீல்ட்ஸ்ல. நீங்க கிள்ளான்ல இருக்கீங்க.”

சீவரத்தினம் மெல்லக் கோப்பையைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி மறுபடி பார்த்தார். “அதுதான் ஒருத்தரையும் தெரியேல்ல எண்டு யோசிச்சனான். மாப்பிள்ளையின்ர ஆக்களாக்கும் எண்டு நினைச்சன். நல்ல சனம்” என்றார்.

விஷயம் மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா பழனியப்பன் வந்து சேர்ந்தார். சற்றுமுன் துண்டைச் சுழற்றி ஆடிய அதே மனிதர். வியர்வை இன்னும் காயவில்லை. அவர்கள் வீட்டு முகூர்த்தம் முடிந்து தாலி கட்டியாகிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் எதுவரை நேரம் என்று விசாரித்தார். நண்பகல்வரை என்றான் முகுந்தன்.

“அப்ப போயிரலாம். கார எடு.”

கார் எதையும் எடுக்க முடியவில்லை. வந்தவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக நிறுத்தி, வாகன நிறுத்துமிடம் அடைத்துக் கிடந்தது. வாசலில் வெளியே போகத் தயாராக நின்றது ஒன்றே ஒன்றுதான், மல்லிகையும் ரோஜாவும் சுற்றிய கல்யாணக் கார். முன்னால் ‘வாசு – குமுதா’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

பழனியப்பன் மகனைப் பார்த்தார். வாசு குமுதாவைப் பார்த்தான். அவள், “தாத்தாவ அதுலயே அனுப்புங்க மாமா” என்றாள்.

“அப்ப புள்ளைங்க எதுல வீட்டுக்கு வர்றது?” என்று கேட்டார் பழனியப்பனின் மனைவி வள்ளியம்மா. “வந்தவங்கள யாரு பாக்குறது?”

“நீ பாரு. எல்லாத்துக்கும் நீ இருக்கல்ல” என்று சொல்லிவிட்டுப் பழனியப்பன் சாவியை வாங்கிக்கொண்டு தாமே ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். வள்ளியம்மா ஓடிவந்து ஒரு பெரிய பொட்டலத்தைச் சீவரத்தினத்தின் மடியில் வைத்தார். “லட்டும் முறுக்கும் இருக்கு ஐயா. உங்க பொண்ணுக்குக் குடுங்க” என்றார்.

முகுந்தனும் கூட ஏறிக்கொண்டான். கார் கிளம்பியதும் ஒரு படம் எடுத்துப் பந்தலில் போட்டான். பூமாலைகளுக்கு நடுவே பின் இருக்கையில், கறுப்புக் கண்ணாடியும் மடியில் லட்டுப் பொட்டலமுமாகச் சீவரத்தினம். பிரிக்ஃபீல்ட்ஸ் திரையில் அது வந்ததும் கைதட்டல் எழுந்தது. நாதஸ்வரக்காரர் சொல்லாமலே ஒரு துள்ளலான பாட்டைத் தொடங்கினார்.

ஷாமினி எதையும் திருத்தவில்லை. போல்டரை இப்போது பிரித்தால் கார் எங்கே வருகிறது என்று இவர்களுக்குத் தெரியாது. பிழை இருந்தபடியே இருக்கட்டும் என்று கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நிரலில் இருக்கும் பிழையைத் தெரிந்தே அப்படி விட்டுவைத்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பெடரல் நெடுஞ்சாலையிலிருந்து படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஷா ஆலாமின் நீல மசூதி தூரத்தில் தெரிந்தது. பிறகு வண்டிகள் ஊர்ந்த ஓரிடத்தில், பக்கத்து மோட்டார் சைக்கிளில் இருந்த மலாய்க்காரர் ஒருவர் பெரியவரைப் புது மாப்பிள்ளை என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதற்கு மண்டபத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சுபாங்கில் ஒரு நெரிசல். கார் நகரவே இல்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மந்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொன்னார். கிள்ளான் மண்டபத்திலும் யாரும் கலையவில்லை. சாப்பிட்டு முடித்தவர்களும் திரை முன்னால் நின்றுகொண்டு, “இங்க கட் பண்ணி உள்ள போக சொல்லுங்க லா” என்று பழனியப்பனுக்கு வழி சொன்னார்களாம். அது அவர் காதில் விழுந்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் அவர் எங்கேயோ வெட்டி எப்படியோ நுழைந்துவிட்டார். அடுத்த படத்தில் சிலாங்கூர் மாநிலம் முடிந்து தலைநகர் தொடங்கும் எல்லையில் நிற்கும் பெரிய வளைவு வந்தது. “கே.எல் வந்துட்டாங்க” என்று குழந்தைகள் கத்தினார்கள்.

நிரஞ்சனி அதற்குமேல் அறையில் இருக்கவில்லை. பட்டுப்புடவையும் நகையுமாக வெளியே வந்து, அம்மாவின் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூச்சுற்றிய கார் வாசலில் வந்து நின்றபோது முன்வரிசை முழுவதும் எழுந்து வெளியே ஓடியது. சீவரத்தினம் இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கைத்தடியை ஒரு கையிலும் பொட்டலத்தை மறுகையிலும் வைத்துக்கொண்டு நிரஞ்சனியின் எதிரில் வந்தார். அவள் முகத்துக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார்.

“இந்த முறை சரியான பிள்ளைதானே?” என்றார்.

“சரியான பிள்ளைதான் மாமா.”

அவர் பொட்டலத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மெதுவாக மணவறைக்கு நடந்தார்கள். சீவரத்தினம் வழிநெடுக இருபக்கமும் தலையாட்டிக்கொண்டே போனார். யாரைத் தெரிந்தது, யாரைத் தெரியவில்லை என்று கேட்கவேண்டிய அவசியம் இப்போது யாருக்கும் இல்லை.

பழனியப்பன் வாசலோடு திரும்பிவிடப் பார்த்தார். டீச்சர் விடவில்லை. சந்தனமும் குங்குமமும் கொடுத்து, முன்வரிசையில் தம் அண்ணனுக்காக வைத்திருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். முகுந்தன், கணினிக்குப் பக்கத்தில் ஷாமினியோடு வந்து நின்றான். “மாத்த மறந்தது ஒரு வரியா?” என்று மட்டும் கேட்டான். “ரெண்டு வரி” என்றாள் அவள்.

கெட்டிமேளம் முழங்க, கிரிதரன் தாலி கட்டினான். இங்கே அட்சதை விழுந்த அதே நேரத்தில் திரையில் ஒரு படம் வந்தது. கிள்ளான் மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்று, திரையைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கடைசிவரிசையிலிருந்து எடுத்த படம். எல்லோர் முதுகும் உயர்ந்த கைகளும்தான் தெரிந்தன. நிரஞ்சனி மணவறையிலிருந்தே அதைப் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் திரையை நோக்கிக் கும்பிட்டாள். கிரிதரனும் சேர்ந்து கும்பிட்டான்.

சாப்பாடு தொடங்கியது. பழனியப்பனுக்கு டீச்சரே பரிமாறினார். அவர் வடையைக் கையில் எடுத்தபோதுதான் அந்தப் படம் வந்தது. கிள்ளான் மண்டபத்து வாசலில் அவருடைய லோரி ஒன்று நின்றது. நெற்றியிலும் கண்ணாடியின் இருபக்கமும் மணமேடையிலிருந்து அவிழ்த்த வாழைமரமும் பூச்சரமும் கட்டியிருந்தது. முன் இருக்கையில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் வாசுவும் குமுதாவும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். குமுதா ஜன்னல் வழியாக மாலையோடு வெளியே சாய்ந்து கையசைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் சரக்கு ஏற்றும் இடத்தில் உறுமிமேளக்காரர்களும் சொந்தக்காரர்களும் நின்றார்கள். அவர்கள் நடுவில், ஆரத்தித் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வள்ளியம்மா.

பழனியப்பன் வடையை இலையில் வைத்தார். திரையைப் பார்க்க நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“உங்கட மகனா?” என்று கேட்டார் சீவரத்தினம். எதிரே, அன்றைக்கு இரண்டாவது இலையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஆமாங்கய்யா. முதல் லோரி வாங்கினப்ப இவனுக்கு மூணு வயசு. ஸ்டீயரிங் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுதான் ஓட்டுவேன்.” அவர் திரையைக் கைகாட்டினார். “வளந்தப்பறம் லோரின்னா கிட்டயே வரமாட்டான். கம்ப்யூட்டர் படிச்சான், ஆபீஸ் வேலைக்குப் போனான். இன்னைக்கு எப்படி உக்காந்திருக்கான் பாருங்க.”

“நல்லாத்தான் இருக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளையும்” என்றார் சீவரத்தினம். “நான் ஆசீர்வாதம் பண்ணினது வீண்போகேல்ல.”

ஷாமினி இருவர் முன்னாலும் வந்து நின்றாள். காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

“அங்கிள், சாரி. தப்பு என்னோடதுதான். ரெண்டு கல்யாணத்துப் படமும் கலந்துபோச்சு. நான் இன்னைக்கே பிரிச்சு, அவங்கவங்க படத்த அவங்கவங்களுக்குத் தனியா அனுப்பிர்றேன்.”

பழனியப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். “எதுக்கும்மா பிரிக்கணும்?”

“இல்ல அங்கிள், உங்க ஆல்பத்துல தெரியாதவங்க எல்லாம்...”

“யாரு தெரியாதவங்க?” என்றார் அவர்.

டீச்சர் ஷாமினியின் தோளைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் இலையைப் போட்டார். “விடியத்துல இருந்து நீ ஒண்டும் சாப்பிடேல்ல. முதல்ல சாப்பிடு” என்றார்.

அடுத்த வாரம் ஷாமினி செயலியைத் திருத்தினாள். புதிதாக ஒரு கல்யாணத்தைத் தொடங்கினால் அதற்குரிய போல்டர் தானாகவே உருவாகிவிடும். மண்டபத்து முகவரியை இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்லாமல் அழைப்பு வெளியே போகாது. அந்த இரண்டாவது ஆள் முகுந்தன். எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, பழைய போல்டரை மட்டும் அவள் தொடாமல் விட்டாள். வாசு-குமுதா, கிரிதரன்-நிரஞ்சனி ஆகிய நால்வருக்கும் ஒரே இணைப்பை அனுப்பினாள். சில நாள்களில் அந்தப் போல்டரில் புதிதாக ஒரு படம் வந்து விழுந்தது. அம்பாங்கில் சீவரத்தினத்தின் வீட்டு வரவேற்பறையில் இரண்டு ஜோடிகளும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரியவர், இந்தத் தடவை கறுப்புக் கண்ணாடி இல்லாமல், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று நன்றாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.